நிருபரா, செய்தியாளரா? எதை எங்கே எழுதுவது

முதலில் எழுத்துப்பிழை. 'நிரூபர்' என்று நெடில் போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம், நிரூபணம், நிரூபித்தார் என்றெல்லாம் எழுதிப் பழகிய கை தானாக அப்படிப் போய்விடுகிறது. குறில்தான் சரி: நிருபர். நிருபம் என்றால் கடிதம். தமிழ் பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தை 'நிருபம்' என்றுதான் சொல்வார்கள். வெளியூரிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புகிறவர் நிருபர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எழுத்தும் மறக்காது, பொருளும் மறக்காது. (பழைய செய்யுளில் 'நிருபர்' வந்தால் அது அரசர்கள். அங்கே போய்ப் பத்திரிகைக்காரரைத் தேடாதீர்கள்.)

சரி, எங்கே எழுதுவது? ஒரு பத்திரிகையையோ ஊரையோ சேர்த்துச் சொல்லும்போது நிருபர் கச்சிதமாக உட்காரும்: நமது நிருபர், சிறப்பு நிருபர், மதுரை நிருபர். பல நிறுவனங்களிலிருந்து வந்தவர்களைக் கூட்டமாகச் சொல்லும்போது செய்தியாளர் நல்லது. 'அமைச்சர் செய்தியாளர்களிடம் கூறினார்', 'செய்தியாளர் சந்திப்பு' என்று எழுதினால் அச்சு, தொலைக்காட்சி, இணையம் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். 'நிருபர்களிடம் கூறினார்' என்பதும் தப்பில்லை, நாளிதழ்களில் இன்றைக்கும் வருகிறது.

அதிகம் குழம்புவது பத்திரிகையாளரில்தான். அது பெரிய வட்டம், ஆசிரியர், உதவி ஆசிரியர், நிருபர் எல்லோரும் அதற்குள் வருவார்கள், அதனால் நிருபரைப் பத்திரிகையாளர் என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தியைத் திருத்துகிறவரை நிருபர் என்று எழுதினால் அவர் பார்க்காத வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். ஊடகவியலாளர் இன்னும் விரிவான சொல். இலங்கைத் தமிழில் அதுதான் அன்றாட வழக்கு, அங்குள்ள வாசகர்களுக்கு எழுதினால் அதையே போடுங்கள். அரங்கில் உட்கார்ந்து செய்தி படிப்பவர் செய்தி வாசிப்பாளர், அவர் வேறு.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே சொற்கள்தான், செய்திக்குத் தேவைப்பட்டால் ஒழிய முன்னால் 'பெண்' சேர்க்க வேண்டாம்.

அப்புறம் பேச்சு. கதையிலோ பேட்டியிலோ ஒருவர் 'ரிப்போர்ட்டர்' என்று சொன்னால் அப்படியே விட்டுவிடுங்கள். போலீஸ்காரர் ஒருவர் வாசலில் நின்று 'செய்தியாளரே, உள்ளே வாருங்கள்' என்று கூப்பிட்டால் யார் நம்புவார்கள்?