வேலைக்குப் போய்க்கொண்டே ஜெர்மன் பி1 தேர்வுக்குத் தயாராவது எப்படி?

நிரந்தர வதிவுரிமையோ குடியுரிமையோ, ஜெர்மனியில் எதற்கு விண்ணப்பம் போட்டாலும் ஒரு நாள் "பி1 சான்றிதழ் எங்கே?" என்று கேட்பார்கள். ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாக ஏறும் மொழித்தேர்ச்சி நிலைகளில் இது மூன்றாவது படி. ப்ளூ கார்டில், அதாவது உயர்தகுதி உள்ள வெளிநாட்டவருக்கான வேலை-வதிவு அனுமதியில், இருப்பவர்கள் ஏ1 வைத்துக்கொண்டே வதிவுரிமை வாங்கலாம், ஆனால் 27 மாதம் பொறுக்க வேண்டும். பி1 இருந்தால் 21 மாதம். குடியுரிமைக்கு ஏ1 எல்லாம் எடுபடாது, பி1 வேண்டும்.

நான் ஏ2 முடித்துவிட்டு, அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டுத் தாமதமாகத்தான் உட்கார்ந்து படித்தேன். முதல் தடவை எழுத்துப் பகுதியில் கோட்டை விட்டேன். அதனால் ஒரு விஷயம் புரிந்தது: மொழியைப் படிப்பது ஒரு வேலை, தேர்வைப் படிப்பது இன்னொரு வேலை. கீழே இருப்பது இரண்டாவது வேலைக்கான வழி.

முதலில், எந்தத் தேர்வு?

கோத்தே, டெல்க், டி.டி.இசட். மூன்றும் பி1 தரும், ஆனால் தோற்றால் என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம். கோத்தேயில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் தோற்றால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். டெல்க்கில் எழுத்துத் தேர்வு ஒரு கட்டு, பேச்சுத் தேர்வு ஒரு கட்டு, இரண்டிலும் 60 சதவீதம். டி.டி.இசட் என்பது குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்புப் பாடநெறியின் முடிவில் வருவது. அதில் பேச்சில் பி1 வந்தே ஆக வேண்டும், கூடவே எழுத்திலோ அல்லது கேட்டல்-வாசித்தலிலோ ஒன்றில் பி1 வந்தால் போதும். நன்றாகப் பேசுவேன், எழுத்துதான் உதைக்கும் என்பவர்களுக்கு டி.டி.இசட் வரப்பிரசாதம். பணம் கட்டும் முன் நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் உங்கள் ஊர் அலுவலகம் அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஆன்லைன் வகுப்பில் கலந்துகொண்டதற்குத் தரும் காகிதத்தை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்து, படிக்கும் முன்பே ஒரு மாதிரித் தேர்வு

கோத்தே, டெல்க் இரண்டின் தளத்திலும் மாதிரித்தாள் இலவசமாகவே கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடிகாரம் வைத்து, அகராதி இல்லாமல் எழுதிப் பாருங்கள். மதிப்பெண் கேவலமாக வரும், வரட்டும். எந்தப் பகுதி பலவீனம் என்று தெரிந்தால்தான் எங்கே நேரம் போடுவது என்று தெரியும். அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்றால் ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெயின் 'நிக்கோஸ் வேக்' என்ற பாடத்தொடர் இலவசம், ஏ1 முதல் பி1 வரை போகிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள்.

இலக்கணம்: தமிழை வைத்தே பிடியுங்கள்

ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பது மூக்கைச் சுற்றித் தொடுவது மாதிரி. "வைல் இஷ் க்ராங்க் பின்" என்றால் 'ஏனென்றால் நான் நோயாக இருக்கிறேன்'. வினைச்சொல் கடைசியில் வருகிறது, நம் வாக்கியம் போலவே. "தாஸ் கெஃபெல்ட் மியர்" என்பது அப்படியே 'அது எனக்குப் பிடிக்கிறது'. "மியர் இஸ்ட் கால்ட்" என்பது 'எனக்குக் குளிர்கிறது'. இந்த 'எனக்கு'தான் தாட்டிவ், நான்காம் வேற்றுமை. 'என்னை' என்று வந்தால் அக்குஸாட்டிவ், இரண்டாம் வேற்றுமை. எப்போதும் பொருந்தாது, பார்த்துக்கொள்ளுங்கள்: 'உனக்கு ஃபோன் பண்ணுகிறேன்' என்று நினைத்து "டியர்" போட்டால் தப்பு, அங்கே "இஷ் ரூஃபெ டிஷ் ஆன்", அதாவது 'உன்னை அழைக்கிறேன்'.

எழுத்து: நான் விழுந்த இடம்

கோத்தே பி1 எழுத்துக்கு 60 நிமிடம், மூன்று பணி. நண்பருக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு விவாதத்துக்கு உங்கள் கருத்து, இவை ஒவ்வொன்றும் 80 சொல் அளவில், 40 மதிப்பெண். மூன்றாவது 40 சொல்லில் ஒரு மரியாதையான மின்னஞ்சல், 20 மதிப்பெண். நான் நண்பனுக்குக் கதை கதையாக எழுதி அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டு, மூன்றாவதற்கு வரும்போது நான்கு நிமிடம்தான் மிச்சம். இரண்டாவது தடவை வரிசையை மாற்றினேன்: மூன்றாவது பணி முதலில். அதற்குத் தேவையான வரிகளை மனப்பாடம் செய்யலாம், வெட்கமே வேண்டாம். "லைடர் கான் இஷ் மோர்கன் நிஷ்ட் கோமன், வைல் இஷ் ஐனன் ஆர்ட்ஸ்டெர்மின் ஹாபெ" என்று ஒரு வரி, நாளை வர முடியாது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று. மருத்துவருக்குப் பதில் அலுவலகம், ரயில், குழந்தை என்று மாற்றி மாற்றிப் பத்து மின்னஞ்சல் எழுதினால் கை தானாக ஓடும். நண்பருக்கு 'டு', ஆசிரியருக்கு 'ஸீ'. நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசி வளர்ந்த நமக்கே அவசரத்தில் இது குழம்பிவிடுகிறது, எழுதி முடித்ததும் இதை மட்டும் பார்ப்பதற்காக ஒரு முறை படியுங்கள்.

கேட்டல்

கோத்தேயின் கேட்டல் தேர்வுக்குள் நான்கு பிரிவு, அதில் நடுவில் வரும் இரண்டும் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். ஆகவே கேள்விகளை முன்கூட்டியே படித்து முக்கியச் சொல்லுக்குக் கோடு போடுங்கள். எண்கள் தனிப் பயிற்சி: "ஃப்யூன்ஃப் உண்ட் ட்ஸ்வான்ட்ஸிஷ்" என்றால் ஐந்தும் இருபதும், 25. நான் 52 என்று எழுதிய ரயில் நேரங்களுக்கு அளவே இல்லை. ரயில் நிலையத்தில் நிற்கும்போது அறிவிப்பைக் கேட்டு எண்ணை எழுதிப் பாருங்கள், வேறு புத்தகமே தேவையில்லை.

பேச்சு

கோத்தேயில் பெரும்பாலும் இருவராக உட்காருவீர்கள், சுமார் 15 நிமிடம். சேர்ந்து ஒரு திட்டம் போடுவது, ஒரு தலைப்பில் சின்ன உரை, பிறகு கேள்வி பதில். உரையின் எலும்புக்கூடு மாறவே மாறாது: என் அனுபவம், என் நாட்டில் எப்படி, நன்மை தீமை, என் கருத்து. இலக்கணம் தடுக்கினாலும் பேச்சை நிறுத்தாதீர்கள். எதிரில் இருப்பவர் சொன்னது புரியவில்லையா? "கோயனன் ஸீ தாஸ் பிட்டெ வீடர்ஹோலன்?" என்று கேளுங்கள், திரும்பச் சொல்லச் சொல்வதும் மொழித்திறன்தான். தினமும் ஒரு தலைப்பை ஃபோனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். முதல் வாரம் சொந்தக் குரலைக் கேட்கவே சங்கடமாக இருக்கும்.

குடியுரிமைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வேலை

'லேபன் இன் டாய்ச்லாந்த்' என்ற குடிமைத் தேர்வும் உண்டு. 33 கேள்வி, 60 நிமிடம், 17 சரியாக இருந்தால் போதும். மொத்தம் 310 கேள்விகளும், அதாவது 300 பொது, உங்கள் மாநிலத்துக்கு 10, இணையத்திலேயே பதிலோடு கிடைக்கும், ஆகவே இதைப் பேருந்தில் போகும்போது படித்தாலே போதும். பல ஊர்களில் ஃபோக்ஸ்ஹோக்ஷூலெ எனும் முதியோர் கல்வி மையத்தில் பதிவு செய்யலாம், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பி1 படிக்கும்போதே தேதி வாங்கி வைத்துவிடுங்கள்.