காலிலோ கணுக்காலிலோ அசைவு குறைந்தவர்கள் சைக்கிள் பெடலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெடல் வாங்குவோர் பெரும்பாலும் பெடலின் வகைகளிலிருந்து தொடங்குகின்றனர். காலில் அடிபட்டு அசைவு குறைந்தவர்களோ, எந்த அசைவு குறைந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காலில் எவ்வளவு எடை வைக்கலாம், சைக்கிள் மிதிக்கலாமா என்பதை மருத்துவரிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 1: குறைந்த அசைவைக் கண்டறிதல்

நாற்காலியில் அமர்ந்து மூன்று அசைவுகளைத் தனித்தனியே சோதியுங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது? பாதத்தை மேலும் கீழும் அசைக்கும்போது கணுக்கால் இறுகுகிறதா? முன்பாதத்தைத் தரையில் ஊன்றியபடி குதிகாலை மட்டும் வெளிப்புறம் திருப்பும்போது வலிக்கிறதா? ஷூவின் அடியில் பொருத்தும் ‘கிளீட்’ என்ற துண்டைப் பூட்டிக்கொள்ளும் பெடலிலிருந்து விடுபட இந்த மூன்றாவது அசைவுதான் தேவைப்படுகிறது என்பதால், அதில் வலி இருந்தால் அவ்வகைப் பெடலை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

படி 2: தட்டைப் பெடலில் தொடங்குதல்

அகலமான தட்டைப் பெடலே பெரும்பாலோருக்கு ஏற்ற தொடக்கம். பாதத்தை விரும்பிய கோணத்தில் வைக்கலாம்; நினைத்த கணத்தில் எடுத்துவிடலாம். கணுக்கால் இறுகியவர்களும் குதிகால் தசைநாணில் காயம்பட்டவர்களும் முன்பாதத்துக்குப் பதிலாகப் பாதத்தின் நடுப்பகுதி பெடல் அச்சின் மேல் வருமாறு வைத்து மிதித்தால், கெண்டைக்கால் தசையின் மீதும் கணுக்காலின் மீதும் விழும் சுமை குறைகிறது. உலோக முட்கள் கொண்ட பெடல் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கால் நழுவினால் கணைக்காலைக் கிழித்துவிடும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ரப்பர் பரப்பு கொண்ட பெடலே பாதுகாப்பானது.

படி 3: கிளீட் தேவையா என்று முடிவு செய்தல்

வலுவிழந்த பாதம் பெடலை விட்டு அடிக்கடி நழுவுபவர்களுக்குக் கிளீட் உதவக்கூடும். இங்கே பார்க்க வேண்டியது, பூட்டிய நிலையிலும் பாதம் பக்கவாட்டில் எவ்வளவு சுழலலாம் என்ற அளவு. ஷிமானோ நிறுவனத்தின் சாலைச் சைக்கிள் கிளீட்டுகளில் மஞ்சள் 6 டிகிரியும், நீலம் 2 டிகிரியும் சுழல இடம் தருகின்றன. சிவப்பு சிறிதும் தருவதில்லை. லுக் நிறுவனத்தின் கியோ வகையில் சிவப்பே 9 டிகிரி தருகிறது என்பதால், நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். முழங்காலில் சிக்கல் உள்ளவர்கள் அதிகம் சுழலும் வகையில் தொடங்குவதே நல்லது. கிளீட்டை விடுவிக்க எவ்வளவு விசை வேண்டும் என்ற இறுக்கத்தைத் திருகாணியால் மாற்ற முடிகிற பெடலானால், அதை மிகக் குறைந்த அளவில் வையுங்கள். பாதத்தை வாரால் இறுக்கிக் கட்டும் பழைய வகைக் கூடுகளை நான் பரிந்துரைப்பதில்லை; அவசரத்தில் காலை உருவ முடியாது.

படி 4: முழங்கால் மடங்காவிட்டால் கிராங்கைப் பார்த்தல்

முழங்கால் போதுமான அளவு மடங்காதபோது எவ்வளவு விலையுயர்ந்த பெடலை மாட்டினாலும் பெரிய பயன் இருக்காது, ஏனெனில் பெடல் சுற்றும் வட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது, பெடலைத் தாங்கிச் சுழலும் கையான கிராங்கின் நீளம். 170 மி.மீ. கிராங்குக்குப் பதிலாக 155 மி.மீ. கிராங்கைப் பொருத்தினால், வட்டத்தின் உச்சியில் பெடல் 15 மி.மீ. தாழ்கிறது. அடியில் அது 15 மி.மீ. உயர்ந்துவிடுவதால், கால் முன்போலவே நீள்வதற்காகச் சீட்டையும் அதே அளவு உயர்த்துகிறோம். ஆக, முழங்கால் மிக அதிகமாக மடங்கும் உச்சி நிலையில் மொத்தம் 30 மி.மீ. இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒரு காலில் மட்டும் குறை இருந்தால், அந்தப் பக்கத்துக் கிராங்கில் மட்டும் மாட்டக்கூடிய குறுக்கிகளும் உள்ளன.

பாதம் வெளிநோக்கித் திரும்பியிருந்து குதிகால் கிராங்கில் உரசினால், கிராங்குக்கும் பெடலுக்கும் இடையே நீட்டிப்புத் துண்டு ஒன்றைப் பொருத்தலாம்.

படி 5: பொருத்திச் சோதித்தல்

பெரியவர்களுக்கான பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் மரை 9/16 அங்குலம். சில சைக்கிள்களில் 1/2 அங்குலம். வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். மரையில் கிரீஸ் தடவி, வலப் பெடலை வலஞ்சுழியாகவும் இடப் பெடலை இடஞ்சுழியாகவும் முதலில் கையாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள்.

சாலைக்குச் செல்லும் முன், சைக்கிளை நிறுத்தி வைத்துச் சுவரைப் பிடித்தபடி, பாதத்தை வைப்பதையும் எடுப்பதையும் யோசிக்காமல் செய்ய வரும்வரை பழகுங்கள். முதல் சவாரிகள் சமதளத்தில், இலகுவான கியரில், குறுகியதாக இருக்கட்டும். மறுநாள் மூட்டில் வீக்கமோ புதிய வலியோ தெரிந்தால், சீட் உயரம், பாதத்தின் இடம், கிளீட்டின் கோணம் ஆகியவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால், எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். வலி தணியாவிட்டால் மிதிப்பதை நிறுத்திச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.