பெரிய எண்ணின் காரணிகளைத் தேட ஒரு குறுக்குவழி

ஒரு பெரிய எண் 7, 11, 13 ஆகியவற்றுள் எதனாலாவது வகுபடுமா என்று அறிய, மூன்று முறை வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இம்மூன்றின் பெருக்கற்பலன் 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து (லட்சம், கோடி முறையில் காற்புள்ளி இட்டிருந்தால் அதைப் பொருட்படுத்தாமல்), அந்தத் தொகுதிகளை மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் கிடைக்கும் சிறிய எண்ணை மட்டும் சோதித்தால் போதும்.

2-இன் 32-ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் வரும் 4294967297 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இதன் தொகுதிகள் 4, 294, 967, 297. இவற்றில் 297-ஐயும் 294-ஐயும் கூட்டினால் 591, 967-ஐயும் 4-ஐயும் கூட்டினால் 971, வேறுபாடு 380. இது அம்மூன்றில் எதனாலும் வகுபடாது; எனவே மூல எண்ணும் வகுபடாது.

இந்த எண்ணைப் பகா எண் என்றே 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா கருதினார். 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் இதை 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டினார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வருவதால், ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. ஆகவே, வகுக்கத் தொடங்கும் முன் எண்ணின் அமைப்பை நிதானமாகப் பாருங்கள்.