சர்க்யூட் போர்டுக்கு எந்த சீலன்ட் பூசலாம்?

மோட்டார் ரூமிலோ மொட்டை மாடியிலோ வைக்கப்போகும் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறிய மைக்ரோகண்ட்ரோலர்) போர்டில் ஈரம் ஏறாமல் இருக்க, பலரும் ஹார்டுவேர் கடையில் பாத்ரூம் சிலிகான் வாங்கி அப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படி 1: முகர்ந்து பாருங்கள்

டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டாக்ஸி வகை. காற்றின் ஈரத்தை வாங்கி இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் செம்பை அரிக்கும். நாளடைவில் ஐசி கால்களைச் சுற்றிப் பச்சை பூக்கும், மெல்லிய செம்புக்கோடு அறுந்துபோகும். மேலே சிலிகான் மட்டும் பளபளவென்று இருப்பதால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

வாடை இல்லை என்பதை மட்டும் நம்பியும் வாங்க வேண்டாம். 'நியூட்ரல் க்யூர்' (இறுகும்போது அமிலம் விடாத வகை) என்று போட்டிருப்பதிலும் ஆக்ஸைம் வகை சில நேரம் செம்பைப் பாதிக்கும். அல்காக்ஸி வகை பாதுகாப்பானது. டேட்டாஷீட்டில் எலக்ட்ரானிக்ஸுக்கு உகந்தது, அரிக்காது என்று இருக்கிறதா பாருங்கள். டவ்சில் 3140 என்ற சிலிகான் அப்படிப்பட்டது. விலைதான் கொஞ்சம் அதிகம்.

படி 2: எதற்கு எது?

போர்டு முழுக்க மெல்லிய பூச்சு வேண்டுமா? அக்ரிலிக் கான்ஃபார்மல் கோட்டிங் (போர்டின் மேடுபள்ளத்தோடு ஒட்டிப் படியும் பூச்சு) ஸ்ப்ரே போதும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பின்னால் ரிப்பேர் வந்தால் கரைப்பான் வைத்து எடுத்துவிடலாம். எபாக்ஸி (கல்போல் இறுகும் பிசின்) ஊற்றினால் அந்த வழி அடைபட்டுவிடும். வயர் அசையாமல் பிடிக்க, இடைவெளி அடைக்க மட்டும் சிலிகான். ஹாட் க்ளூ சூட்டில் இளகும், அதனால் வெயில்படும் பெட்டிக்கு வேண்டாம்.

படி 3: சுத்தம் செய்யுங்கள்

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து, சால்டரிங் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்டப் போடும் பசை) கறை போகத் தேய்த்து, நன்றாக உலரவிடுங்கள். ஃப்ளக்ஸையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூசினால் அரிப்பு அங்கேயே தொடங்கும்.

படி 4: மறைத்துவிட்டுப் பூசுங்கள்

யுஎஸ்பி போர்ட், கனெக்டர், சுவிட்ச், ஈரப்பத சென்சார் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அப்புறம், காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பில்லாமல், மெல்லியதாக இரண்டு கோட் அடியுங்கள். பல கோட்டிங்குகள் புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும்; விட்டுப்போன இடம் இருட்டாகத் தெரியும்.

படி 5: காயவிடுங்கள்

சிலிகான் மேல்தோல் சீக்கிரம் காய்ந்தாலும் உள்ளே இறுக ஒரு நாளாவது ஆகும். தடிமனாக வைத்திருந்தால் இன்னும் கூடுதல். அதுவரை பெட்டியை மூடாதீர்கள், கரண்டும் கொடுக்காதீர்கள்.