மார்கழி லீவில ஊர்க் கொலைக்கதை எழுதுறது எப்பிடி: யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒண்டை வைச்சு

லீவுக்காலம், சின்ன ஊர், ஒரு கொலை, அதைக் கண்டுபிடிக்கிறது பொலிஸ் இல்லை, ஊரில இருக்கிற ஒரு சாதாரண ஆள். இந்த மாதிரிக் கதையள் வாசிச்சு வாசிச்சுத்தான் எனக்கும் எழுத ஆசை வந்தது. அதுக்குப் பனி கொட்டுற ஊர்தான் வேணும் எண்டில்லை, எங்கட மார்கழி மழையும் கிணத்தடியும் வேலிப் பொட்டும் காணும். ஆனா ஒண்டு சொல்லுறன், வெளியில இருந்து கதையை எடுத்து யாழ்ப்பாணத்துப் பேரைப் போட்டால் சரிவராது. க்ளூ எங்கட வாழ்க்கைக்குள்ள இருந்துதான் வரோணும், இந்த ஊரில வளந்த ஆள்தான் அதைக் காணக்கூடியதா இருக்கோணும். நான் எப்பிடிச் செய்தனான் எண்டு சொல்லுறன், உங்களுக்குத் தேவையானதை எடுங்கோ.

முதல் நாளைத் தெரிவு செய்யுங்கோ. நான் முதல் நல்லூர்த் திருவிழாவை வைச்சுத்தான் துடங்கினனான், 25 நாள், 24ம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம், பூசை எல்லாம் நேரம் தவறாது எண்டபடியால் ஆர் எந்த நேரம் எங்க நிண்டவை எண்டு காட்ட நல்ல வசதி எண்டு நினைச்சன். 40 பக்கம் எழுதினாப் பிறகுதான் விளங்கினது அங்க சனம் கூடிப்போச்சு, ஆர் வந்தது ஆர் போனது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சின்ன ஊர்க் கதைக்கு வேண்டியது அதுக்கு நேர்மாறு. எந்தப் பொடியன் எந்தச் சைக்கிளில எத்தினை மணிக்கு எந்த ஒழுங்கையால போனவன் எண்டது ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கோணும், தெரிஞ்சும் ஒருத்தரும் வாய் திறக்காமல் இருக்கோணும். மர்மம் அங்கதான் இருக்கு.

அதால நான் மார்கழிக்கு மாறினன். ரொறன்ரோ, லண்டன், பரிஸ், சூரிச் எண்டு எல்லா இடத்தில இருந்தும் சனம் வந்து நிக்கும், இஞ்ச பள்ளிக்கூடமும் லீவு, ஒரு வீட்டில பாலன் குடில் கட்டுவினம், அங்கால வீட்டில பிள்ளையார் கதை விரதம். அந்த விரதம் கார்த்திகைப் பறுவம் கழிஞ்ச மறுநாள் துடங்கி மார்கழி வளர்பிறைச் சட்டித் திதியில (சஷ்டி) முடியும், 21 நாள், 21 இழைக் காப்பு, ஆம்பிளையளுக்கு வலக்கை, பொம்பிளையளுக்கு இடக்கை. அது முடியிறதும் திருவெம்பாவை துடங்கிறதும் கிட்டத்தட்ட ஒரே நேரம், பிறகு பத்து நாளும் விடியப்புறம் பெடியள் சங்கும் சேமக்கலமுமாய் ஒழுங்கை ஒழுங்கையாப் போவினம், ஊர் உறங்கிற நேரம் நடந்து திரியிற சாட்சியள் அவையள்தான். பேந்து தைப்பொங்கல், வல்வெட்டித்துறைப் பக்கம் பட்டம், பட்டத்தில கட்டுற விண் கூவுற சத்தம் இரவிரவாக் கேக்கும். ஒரு கதைக்கு வேண்டிய மணிக்கூடு முழுக்க இதுக்குள்ளயே இருக்கு, நீங்கள் புதுசா ஒண்டும் செய்யத் தேவையில்லை. அதோட வெளிநாட்டுக்காரரின்ர ரிக்கெற் திகதி. சந்தேகப்படுற ஆள் ஜனவரி 8ம் திகதி பிளேன் ஏறப்போறார் எண்டு ஒரு வரி எழுதிப் பாருங்கோ, கதை தானா ஓடும்.

இடத்துக்கு ஊர் முழுக்க எடுக்காதேங்கோ, ஒரு ஒழுங்கை போதும். ஏழு வீடு. ஒரு கொப்பித் தாளில கீறுங்கோ: படலை எந்தப் பக்கம், கிணறு எங்க, ஆற்ற வீட்டில நாய், எந்த வீட்டு மதில் உயரம், எந்த வேலியில பொட்டு. பொட்டை மறக்கவேண்டாம். முன்னுக்கு மதிலும் கேற்றும் வந்திட்டுது, ஆனா பின்வளவில இன்னும் கிடுகோ தகரமோ அடைச்ச வேலிதான், அதில ஒரு ஆள் குனிஞ்சு போற அளவுக்குப் பொட்டு இருக்கும், அதுக்குள்ளாலதான் கறி போகும், கதை போகும். கோவம் வந்தால் முதல் அடைபடுறதும் அதுதான். அடைச்ச ஓலை பழசா பச்சையா எண்டு ஒரு வரி எழுதினால் இரண்டு குடும்பத்தின்ர சண்டை எப்ப துடங்கினது எண்டு எங்கட வாசகருக்கு விளங்கும். மழையையும் பாவியுங்கோ. மார்கழியில கிணறு வாய் மட்டத்துக்கு நிரம்பி நிக்கும், கிணத்தடி பாசி பிடிச்சு வழுக்கும், கால் தடம் ஒண்டும் மிஞ்சாது. அதால கிணத்தில ஒராள் கிடந்தால் ஊர் முதல் சொல்லுறது "வழுக்கி விழுந்திட்டார் பாவம்" எண்டுதான்.

அடுத்தது ஏன் கொல்லுறது எண்டது. எங்கட ஊரில நம்பக்கூடிய காரணம் காணிதான், நகை, காதல் எல்லாம் அதுக்குப் பிறகு. என்ர கதையை வலிகாமம் வடக்கில வைச்சன். 1990ல விட்டிட்டு ஓடின காணியள், சண்டை முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகு ஆமி துண்டு துண்டா விட்டது. போய்ப் பாத்தால் வேலி இல்லை, எல்லைக்கல்லு இல்லை, வீடு இல்லை, கிணறு மட்டும் அடையாளம். ஒரு 4 பரப்புக் காணி, ஏக்கரில கால்வாசி, இரண்டு பங்காளியளுக்குப் பொது. ஒருத்தர் கனடாவில. மற்றவர் இஞ்ச நிண்டு பத்தையை வெட்டி, கிணறு இறைச்சு, வாழை வைச்சவர். கனடாக்காரர் வந்து தன்ர பங்கை வெளியாளுக்கு விக்கப்போறன் எண்டுறார். 1707ல ஒல்லாந்தர் எழுத்தில போட்ட தேசவழமைச் சட்டம் இண்டைக்கும் எங்கட காணிக்கு நடைமுறையில இருக்கு, பங்கை வெளியில விக்க முதல் மற்றப் பங்காளிக்கு அறிவிக்கோணும். அறிவிச்சவரோ, அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) ஆற்ற பேரில, நொத்தாரிசு ஆர், இந்தக் கேள்வியள் போதும் ஐஞ்சு பேரைச் சந்தேகிக்கிறதுக்கு. கொலை செய்தவரை நினைச்சு வாசகருக்கு மனம் நோகோணும் எண்டு நான் நினைக்கிறன், அந்த வாழைக்குத் தண்ணி ஊத்தின கையெல்லே அது.

இப்ப முக்கியமான விசயம், க்ளூ. இதை ஆறுதலா வாசியுங்கோ, நான் கனநாள் மினக்கெட்டது இதிலதான். கொலை செய்தவர் சரியான சாமி பக்தி. 20 நாளும் விரதம் பிடிச்சு, விடியக்காலமைப் பூசைக்கு முதல் ஆளா நிக்கிறவர். 20ம் நாள் இரவு அந்தச் சம்பவம் நடக்குது, ஒரு கோவத்தில பிடிச்சுத் தள்ளினது. அடுத்த நாள் 21ம் நாள், சட்டி, காப்பு அவிழ்க்கிற நாள். விடிய 6 மணிப் பூசைக்கு அவர் வரேல்லை. கனடாக்காரர் ரவுணுக்குப் போட்டார் எண்டு எல்லாரும் நினைச்சுக்கொண்டு இருக்க, 11 மணிக்குத்தான் கிணத்தில கண்டவை.

ஏன் வரேல்லை? செத்தது சொந்தப் பங்காளி, இரத்த உறவு. துடக்கு. சாவுத் தீட்டு அது, 31 நாளைக்குக் கோயிலுக்குள்ள போகக்கூடாது. ஒருத்தருக்கும் தெரியாத சாவு அவருக்குத் தெரியும், துடக்கு தன்னில இருக்கு எண்டும் தெரியும். கொலை செய்த ஆள்தான், ஆனா துடக்கோட பிள்ளையாருக்கு முன்னால போய் நிக்க அந்த மனுசனுக்கு மனம் வரேல்லை.

இதை எப்பிடி மறைக்கிறது? காப்பில. பிரேதம் ஆஸ்பத்திரியால வரேல்லை, செத்தவீட்டில தறப்பாள் கட்டி, பிளாஸ்ரிக் கதிரையில சனம் இருந்து பிளேன்ரி குடிக்குது, மேல மழை அடிக்குது. துப்புத் துலக்கிற அக்கா அவற்ற வலக்கையைப் பாக்கிறா.

"தம்பி, காப்பு அவிழ்க்கேல்லையே?"

"எங்கையக்கா, துடக்கெல்லே வந்திட்டுது."

அவ்வளவுதான். கேக்கிற எல்லாருக்கும் அது சரியான பதில். அவவுக்கும் அந்த நேரம் சரிதான். மூண்டு நாளைக்குப் பிறகு ஐயர் வேற ஏதோ கதையில "சட்டியண்டு விடியவே எல்லாற்ற காப்பும் அவிழ்த்திட்டன்" எண்டு சொல்லேக்கதான் அவவின்ர கை நிக்குது. விடிய 6 மணி, கண்டது 11 மணி. அந்த ஐஞ்சு மணித்தியாலத் துடக்கு எங்க இருந்து வந்தது?

இந்த மாதிரி க்ளூவுக்கு ஒரு நேர்மை இருக்கோணும். 21 நாள், துடக்கு, பூசை நேரம், மூண்டையும் முதல் 30 பக்கத்துக்குள்ள வேற வேற இடத்தில சும்மா சொல்லிவிடுங்கோ. காப்பைப் பாட்டி கட்டுற இடத்தில ஒருக்கா, வேற ஆற்றயோ துடக்கால கலியாண வீடு பிந்தின கதையில ஒருக்கா. வாசகரிட்ட எல்லாம் இருக்கோணும், அவைதான் சேர்க்கோணும். கடைசி அத்தியாயத்தில புதுசா ஒரு சாட்சியைக் கொண்டுவந்து இறக்கினால் அது ஏமாத்து வேலை.

பொலிஸ் பக்கத்தைப் பிழை விடாதேங்கோ, எங்கட சனத்துக்கு உது நல்லாத் தெரியும். பிரேதம் கண்டால் பொலிசுக்கு அறிவிப்பினம், திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், சந்தேகம் எண்டால் நீதவான் வருவார், சட்ட வைத்திய அதிகாரி உடற்கூற்றுப் பரிசோதனை செய்வார், பிடிச்ச ஆளை 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால கொண்டுபோகோணும். சந்தேகமான சாவெண்டால் எரிக்காமல் தாட்கச் சொல்லுறதும் உண்டு, சைவக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் எண்டதை ஒரு பக்கம் முழுக்க எழுதலாம். அதோட வாக்குமூலம் எந்த மொழியில எழுதினவை, வாசிச்சுக் காட்டினவையோ, கையெழுத்து வைக்க முதல் அந்தப் பொம்பிளை கேட்டவவோ எண்டதையும் எழுதுங்கோ. துப்புத் துலக்கிற ஆளிட்ட வைத்திய அறிக்கை ஒருக்காலும் வராது, அவவுக்குக் கிடைக்கிறது குசினிக் கதையும் கடைக் கதையும் மட்டும்தான், அதுக்குள்ளதான் அவ வேலை செய்யோணும்.

சரி, ஆர் அந்த அக்கா. என்ர கதையில அவ தையல்காரி, ஊர் அவவை மெசினக்கா எண்டு கூப்பிடும், 50 தாண்டின ஆள். தையல்காரியை ஏன் எடுத்தனான் எண்டால் லீவுக்காலத்தில எல்லா வீட்டுப் பொம்பிளையளும் அவவிட்ட வருவினம், அளவெடுக்கேக்க ஆக்கள் கதைப்பினம், கண்ணும் நூலில பழகின கண். தபால் கந்தோரில வேலை செய்து பென்சன் எடுத்த ஆளோ, சங்கக்கடை மனேச்சரோ கூடச் சரிவரும். பொலிஸ்காரற்ற பிள்ளை, லோயர் எண்டு எழுதாதேங்கோ, அதிகாரம் கையில இருந்தால் பிறகு அவ என்னத்துக்குப் பாடுபடோணும்.

விழுந்தாலும் எழும்புற ஆள் எண்டு சொன்னால் காணாது, காட்டோணும். சண்டைபிடிக்கிறதோ, ஓடித் துரத்திறதோ இல்லை அது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் எல்லாம் சண்டையால இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடக்கேக்க, இவ மெசின் தலையைக் கழட்டிச் சாக்கில சுத்திச் சைக்கிள் கரியரில கட்டினவ, நாவற்குழிப் பாலத்தில சைக்கிளை உருட்டவும் இடமில்லாமல் மழைக்க நிண்டவ, கையில கிடந்த வளையலைக் கழட்டி மெசினுக்கு எண்ணெய் வாங்கினவ. இதைக் கதையில ஒருக்காத்தான் சொல்லுங்கோ, அரைப் பக்கத்துக்கு மேல போகாதேங்கோ. பிறகு இப்பத்த நாளில அவவுக்கு என்ன நடக்குது எண்டு காட்டுங்கோ. அவ கேள்வி கேக்கத் துடங்கினதும் ஊர் கத்தியோட வராது, பொங்கலுக்குத் தைக்கத் தந்த சட்டைத் துணியைத் திருப்பி வாங்கும். "இல்லையக்கா, ரவுணில குடுக்கப்போறம்." ஒண்டு, இரண்டு, ஐஞ்சு. பிரான்சில இருக்கிற தம்பி போனெடுத்து உனக்கேன் உந்த வேலை எண்டு பேசுவான். கோயிலில பக்கத்தில இருந்த பொம்பிளை எழும்பிப் போவா. அடுத்த நாள் விடிய 7 மணிக்கு அவ படலையைத் திறந்து, மெசினுக்கு எண்ணெய் விட்டு, ஒருத்தரும் வராத கதிரையைத் துடைச்சு வைக்கோணும். அந்த இடத்தை அவசரப்படாமல் எழுதுங்கோ.

ஒரு விசயத்தில நான் கண்டிப்பாச் சொல்லுறன். ஊர் முதல் ஆரைச் சந்தேகிக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்: மரம் ஏறுற ஆளை, சண்டை முடியத் தடுப்பு முகாமில இருந்து வந்த பொடியனை, சாதியில கீழ எண்டு தள்ளி வைச்ச வீட்டை. அதை எழுதோணும், மறைக்கக்கூடாது. ஆனா எழுதிற நீங்களும் ஊரோட சேர்ந்து அவையளை வாசகரை ஏமாத்திற சாமானாப் பாவிக்காதேங்கோ. பொலிஸ் கூட்டிக்கொண்டு போன பொடியன்ர அம்மா இரவிரவா விறாந்தையில இருந்ததை எழுதிட்டுத்தான் அவனை விடுவிக்கோணும். அதே மாதிரி நஞ்சு வைச்சுக் கொல்லுற கதை வேண்டாம், எங்கட மண்ணில உது உண்மையா எத்தினையோ வீட்டைக் கெடுத்தது, பேரும் அளவும் ஒரு கதைக்காக எழுதுறது எனக்குச் சரியாப் படேல்லை.

பாத்திரங்களை ஒழுங்குபடுத்த ஒரு நல்ல வழி இருக்கு. செத்தவரின்ர மரண அறிவித்தலை முதல் எழுதுங்கோ, பேப்பரில வாற மாதிரியே. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் எண்டு வரிசையா. எழுதி முடிய உங்கட குடும்ப மரம் அப்பிடியே கையில இருக்கும். பேந்து ஒரு பேரை வெட்டுங்கோ. ஆற்ற பேர் விடுபட்டது, அறிவித்தல் குடுத்தது ஆர், விடுபட்ட ஆள் அதைப் பேப்பரில பாத்தாப்போல என்ன செய்தவ. என்ர கதையில இரண்டாம் அத்தியாயம் முழுக்க இதில இருந்து வந்தது.

முடிவை 31ம் நாள், கீரிமலைக் கடற்கரையில செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்கு வையுங்கோ. அண்டைக்குக் குடும்பம் முழுக்கத் திரும்பச் சேரும், ரிக்கெற்றை மாத்திப்போட்டு நிண்டவையும் இருப்பினம், மாத்தாமல் போனவையும் தெரியும். எல்லாரையும் ஒரு அறைக்குள்ள இருத்தி வைச்சு லெக்சர் அடிக்கத் தேவையில்லை. துடக்குக் கழிஞ்சுது, இனிக் கோயிலுக்குப் போகலாம், காப்பு இன்னும் அவற்ற கையில. "இப்ப அவிழ்க்கலாம் தானே தம்பி" எண்டு மெசினக்கா கேக்கிறா, அவர் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். பொலிசுக்குச் சொல்லுறது அதுக்குப் பிறகு இரண்டு பந்தி.

எழுதி முடிய, விரதம் பிடிக்கிற வயதுபோன அம்மா ஒராளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. செத்தவீட்டு இடத்திலயே அவ "உவன் ஏன் விடியக் கோயிலுக்கு வரேல்லை" எண்டு கேட்டால் க்ளூவை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கோ. கீரிமலை வரைக்கும் கேக்கேல்லை எண்டால் ஐயற்ற கதையைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவாங்கோ.