பழைய மாஸ்டர்கள காப்பி பண்றப்போ தவிர்க்க வேண்டிய தப்புகள்

ரெம்பிராண்ட், வெர்மீர்னு பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள காப்பி பண்ணி ஆயில் பெயிண்டிங் கத்துக்க வர்ற பசங்கள பாத்துட்டே இருக்கேன், நாங்க கத்துக்கிட்ட காலத்துல பண்ணின அதே தப்புங்க அப்படியே திரும்ப வருது. பிரஷ் கழுவாதது, ஸ்கெட்ச் கோணலாப் போறது எல்லாம் போகப்போக சரியாயிடும், அத விடுங்க.

எல்லாத்துலயும் பிரவுன் கலக்குறது

இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுக்குத்தான். பழைய பெயிண்டிங்னாலே பழுப்பாதான் இருக்கணும்னு முகத்துக்கும் பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்பு, வானத்துக்கும் பர்ன்ட் அம்பர், வெள்ளைத் துணிக்கும் அதேதான். அந்தப் பழுப்பு நெறைய எடத்துல ஓவியர் போட்டதே இல்லீங்க, மேல பூசின வார்னிஷ் மஞ்சளாகி அழுக்கு சேந்து வந்தது. ரெம்பிராண்ட் 1642ல முடிச்ச 'நைட் வாட்ச்' ராத்திரி காட்சியே கிடையாது. வார்னிஷ் கறுத்துப்போய் ராத்திரி மாதிரி தெரிஞ்சதால பின்னாடி வந்தவங்க வெச்ச பேர் அது, இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் சுத்தம் பண்ணப்போதான் வெளிச்சம் வெளிய வந்துச்சு.

சமீபத்துல ஒரு பொண்ணு வெர்மீரோட 'முத்துத் தோடு போட்ட பெண்' எடுத்தா. தலைத்துணிக்குன்னு விலை ஒசந்த அல்ட்ராமரின் நீலம் வாங்கிட்டு வந்து, "பழசா தெரியணும் சார்"னு அதுலயும் அம்பர கலந்துட்டா, மொத்த நீலமும் சேத்துக் கலராயிடுச்சு. வெர்மீர் அந்த நீலத்துக்கு ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த லாபிஸ்ங்கிற நீலக் கல்லப் பொடிச்ச நிறமி போட்டவரு, அவ்ளோ செலவு பண்ணினது அது பளிச்னு தெரியணும்னுதானே! பின்னணியையும் டியூப் கறுப்பால ஒரே பூச்சா அடைச்சா, முகம் கத்தரிச்சு ஒட்டின மாதிரி ஆயிடுச்சு. 2018ல ஹேக் நகரத்து மியூசியத்துல ஸ்கேன் பண்ணிப் பாத்தப்போ அங்க ஒரு பச்சைத் திரை இருந்தது தெரிஞ்சுது. கறுப்பு அடிப்பூச்சு மேல இண்டிகோ நீலமும் ஒரு மஞ்சச் செடிச் சாயமும் கலந்து மெல்லிசா ஓட்டியிருக்காரு, அது காலப்போக்குல மங்கிப்போச்சு.

அதனால பின்ட்ரெஸ்ட் படத்த நம்பாதீங்க, மியூசியம் சைட்ல இருக்கிற பெரிய படத்த எறக்கி, நிழல், அதுக்குப் பக்கத்துல இருக்கிற கலர விட சூடா (சிவப்பு, மஞ்சள் பக்கம்) குளிர்ச்சியா (நீலப் பக்கம்)ன்னு பாத்துட்டு அப்புறம் பிரவுன தொடுங்க.

முத்த உருட்டி உருட்டி வரையறது

வெர்மீரோட அந்தத் தோட்டு முத்துல கொக்கி கூட கிடையாது. மேல ஒரு வெள்ளைத் தீற்று, கீழ காலரோட பிரதிபலிப்பு, அவ்ளோதான்.

பெரிய கேன்வாஸ்

அந்த 'முத்துத் தோடு' ஒரிஜினலே 44.5 × 39 செ.மீ. தான்.

காயாம வார்னிஷ் அடிக்கிறது

ஆறு மாசமாவது விடுங்க, தடிமனா போட்டிருந்தா ஒரு வருஷம்.