விமானம் விழுந்த மலையில் படமெடுப்பது எப்படி: சிதைவுகளும் மாண்டவர்களுக்குரிய மரியாதையும்

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் ஜித்தாவுக்குப் புறப்பட்டு, இடையில் இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. 182 இந்தோனேசிய யாத்திரிகர்களும் 9 பணியாளர்களுமாக அதில் இருந்த 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் இன்றுவரை இதுவே மிகப் பெரியது. மறுநாள் மலையேறிய தேயிலைத் தோட்டத்து ஆண்களுள் என் தாத்தாவும் ஒருவர். சிதறிக் கிடந்தவற்றைச் சேர்த்தெடுப்பதற்காகப் பாட்டி கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை எடுத்துப் போனவர், அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

கடந்த இரண்டு ஆண்டுகளில் நான் கெமராவுடன் ஆறு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். முதல் நான்கு பயணங்களில் எடுத்த படங்களில் அநேகமானவற்றை அழித்துவிட்டேன். சில ஒளியில் தவறியவை, சில பார்வையில் தவறியவை. ஐந்தாம் பயணத்திற்குப் பிறகு எனக்குப் பிடிபட்டதை, இதுபோன்ற இடத்தை முதன்முறையாகப் படமெடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அப்பேச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகியவை என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: போவதற்கு முன்

தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை அந்த மலைச்சரிவில் மழை ஓயாது. வழுக்குப் பாறையும் அட்டையும் உங்களைப் படமெடுக்க விடமாட்டா. ஜனவரி முதல் மார்ச் வரையான காலைகளே நல்லவை. முதல் பஸ்ஸில் ஹட்டனிலிருந்து புறப்படுங்கள். முற்பகல் தாண்டினால் பனிமூட்டம் இறங்கி மலையை மூடிவிடும்.

தேயிலை மலைக்குள் கால் வைப்பதற்குத் தோட்ட நிர்வாகத்திடமும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் போவதற்கு அங்கே வாழ்பவர்களிடமும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும். துரை சம்மதித்துவிட்டார் என்பதற்காக ஒரு வீட்டு வாசலில் கெமராவைத் தூக்க முடியாது. மலையில் ஏறுவதானால் அந்தத் தோட்டத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவருடைய ஒரு நாட் சம்பளத்தைக் கேட்காமலேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, தூரத்து மலைக்காக 70 முதல் 200 வரையான ஒன்று, ட்ரைபொட், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர், சிறிய டோர்ச், வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) அட்டை, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய சாரத்துண்டு, இரண்டு பொலித்தீன் பைகள். இவ்வளவும் போதும். அகலக்கோண லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்பது என் உறுதியான கருத்து. அருகிலிருந்து அகலக்கோணத்தில் எடுத்தால் ஒரு சிறிய தகடுகூட வானத்தை முட்டும் அளவுக்குப் பெருத்து, திரைப்பட விளம்பரம்போல ஆகிவிடும். கண்ணால் பார்த்த அளவிலேயே பொருளைக் காட்டுவதற்கு 50 மில்லிமீற்றர்தான் பொருத்தம். பிளாஷும் வேண்டாம், அது ஈரமான எந்தப் பொருளையும் கடைக் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் மினுக்கிவிடும்.

மூன்றாம் படி: தூரத்திலிருந்து மலை

ஏழு சிகரங்களையும் ஒரே சட்டத்தில் (பிரேமில்) எடுங்கள். பனிமூட்டத்தில் தானியங்கிக் குவியம் (ஓட்டோ போகஸ்) எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறும். கைக்குவியத்திற்கு மாற்றி, சிகரத்தின் விளிம்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் குவியுங்கள். இதற்கு மேல் இந்தப் படியில் சிரமம் எதுவும் இல்லை.

நான்காம் படி: கறுப்புச் சக்கரம், வெள்ளைப் பனி

விமானத்தின் சக்கரமொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. மலையேற முடியாதவர்கள் இதை மட்டுமாவது எடுக்கலாம் என்பதால் எளிதான வேலை என்று நினைத்துப் போனேன். மூன்று பயணங்களை இதுவே தின்றது.

கெமராவின் ஒளிமானி தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும். சட்டம் முழுவதும் வெண்பனி என்றால் அதைச் சாம்பலாக்குவதற்காக ஒளியைக் குறைக்கும். ஆகவே நாம் ஒரு ஸ்டொப், அதாவது ஒளி இரட்டிப்பாகும் அளவு, கூட்ட வேண்டும். சட்டம் முழுவதும் கறுப்பு ரப்பர் என்றால் அதையும் சாம்பலாக்குவதற்காக ஒளியைக் கூட்டும். ஆகவே நாம் ஒரு ஸ்டொப் குறைக்க வேண்டும். புத்தகத்தில் படித்தபோது இரண்டும் விளங்கின. கறுப்புச் சக்கரமும் அதற்குப் பின்னால் வெண்பனியும் ஒரே சட்டத்தில் வந்தபோது எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் முறை பனிக்குத் தக்கபடி வைத்தேன். சக்கரம் வெறும் கரிய வட்டமாக வந்தது. இரண்டாம் முறை சக்கரத்திற்குத் தக்கபடி வைத்தேன். பின்னணி வெளுத்து, மலையே இல்லாத ஓர் இடத்தில் சக்கரம் மிதப்பதுபோல் இருந்தது. மூன்றாம் முறை மூன்று ஒளியளவுகளில் எடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்த்தேன். அது எல்லாவற்றிலும் மோசம்: ரப்பரின் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

பிழை ஒளியில் இல்லை, நான் நின்ற இடத்தில் இருந்தது. சக்கரத்தைக் கம்பீரமாகக் காட்ட வேண்டும் என்று மூன்று முறையும் குந்தியிருந்து, கீழிருந்து மேல்நோக்கி எடுத்ததால்தான் பின்னணியில் வானம் வந்தது. சக்கரத்திற்குக் கம்பீரம் எதற்கு? கடைசியாக அது தரையைத் தொட வேண்டிய இரவில் தொடவில்லை. அதைத்தானே நாம் காட்ட வந்திருக்கிறோம். எழுந்து நின்று, ட்ரைபொட்டைக் கண் உயரத்திற்கு உயர்த்தி, சற்றுக் கீழ்நோக்கிப் பார்த்தேன். வானம் சட்டத்தை விட்டு விலகியது, தரையும் சக்கரமும் மட்டும் எஞ்சின, ஒளி வேறுபாடு பாதியாகக் குறைந்தது.

அதன் பிறகு செய்ய வேண்டியது இவ்வளவே. அப்பேச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு. ட்ரைபொட் இருப்பதால் கவலையில்லை. கெமரா பதப்படுத்தாத ரோ கோப்பாக எடுங்கள். நிழல் விழும் பக்கத்தில் ரெஜிபோம் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால், ரப்பரின் வரிகளில் மெல்லிய வெளிச்சம் ஏறும். ஒளியை 0.7 ஸ்டொப் குறைத்து ஒரு படம், குறைக்காமல் ஒரு படம் எடுத்து, ஒளிப்பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம் வெட்டுப்படாததை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உலோகமும் எழுத்தும்

போலரைசர் எல்லாப் பளபளப்பையும் நீக்கிவிடும் என்று நம்பியிருந்தேன். நீர், கண்ணாடி, ஈர இலை, வண்ணம் பூசிய தகடு ஆகியவற்றின் பிரதிபலிப்பை அது குறைக்கும். வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அதனால் குறைக்க முடியாது. விமான உடலின் அலுமினியத்தில் வண்ணம் உரிந்த பகுதிக்கு மேகமூட்டமான வானமே வேண்டும். வெயில் அடித்தால் ஒருவரைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள்.

மலையில் ஒரு துண்டைக் கண்டால் மூன்று படங்கள் எடுங்கள்: சுற்றுப்புறம் தெரிய ஒன்று, முழுத் துண்டும் தெரிய ஒன்று, ஆணியும் எழுத்தும் தெரிய அருகில் ஒன்று. துண்டைப் புரட்டக்கூடாது, துடைக்கக்கூடாது, நல்ல வெளிச்சத்திற்காக நகர்த்தவும் கூடாது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலில் 307 பேர் மாண்டனர். 50 மீற்றருக்கும் ஆழத்தில் கிடக்கும் அந்தக் கப்பலைப் படமெடுக்கப் போகும் பொறுப்புள்ள சுழியோடிகள், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எதையும் தொடமாட்டார்கள், மேலே எடுத்துவரமாட்டார்கள். அங்கே ஆழமே பாதிக் காவலைச் செய்துவிடுகிறது. மலையில் யார் வேண்டுமானாலும் நடந்துபோகலாம் என்பதால், முழுக் காவலும் நம் கையில்தான் இருக்கிறது.

கல்லில் பொறித்த எழுத்துகள் மங்கியிருந்தால் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்காதீர்கள். பாசியைச் சுரண்டவும் வேண்டாம், கல்லின் தோலும் சேர்ந்து உரிந்துவிடும். பொழுது சாயும் வேளையில் டோர்ச்சைக் கல்லின் ஓரத்தில், ஏறக்குறையக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, இரண்டு செக்கன் ஷட்டரில் எடுங்கள். பள்ளமான எழுத்துகளில் நிழல் விழுந்து, வெறுங்கண்ணுக்குத் தெரியாததும் வாசிக்கக் கிடைக்கும்.

ஆறாம் படி: அடக்கமான இடமும் வாழும் மனிதர்களும்

அடையாளம் காண முடியாமற் போனவர்களை மலைப்பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள் என்று எங்கள் லயத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். அத்தகைய இடத்தில் சூடம் கொளுத்திக் கும்பிடுவதே நமக்குப் பழகிய மரியாதை. ஆனால் அங்கே உறங்குபவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள். ஹட்டனில் உள்ள என் முஸ்லிம் நண்பரிடம் கேட்டபோது, கபுறின், அதாவது அடக்கக்குழியின், மேல் நடக்கவோ உட்காரவோ கூடாது, சலாம் சொல்லி அவர்களுக்காக துஆ கேட்பதே வழக்கம் என்றார். ட்ரைபொட்டின் கால்களை ஊன்றும்போதும் இதை நினைவில் வைத்திருங்கள். எல்லை தெளிவாகத் தெரியாத இடத்தில் நான் ட்ரைபொட்டை விரிப்பதில்லை. அங்கே செல்பி எடுப்பவர்களைக் கண்டால், விமானத்தில் இருந்தவர்கள் யார் என்று அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கைப்பேசியைத் தாமாகவே பைக்குள் வைத்துவிடுவார்கள்.

ஒரு லயத்தில், உள்ளங்கையளவு தகடு ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பெரியம்மாவைச் சந்தித்தேன். படமெடுக்கலாமா என்று கேட்டதற்கு, “எடுங்க தம்பி. ஆனா எங்க வீட்டுச் சாமான் மாதிரி காட்டிறாதீங்க. அது அவங்களோடது, நாங்க பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்றார். அதனால் தகட்டை மேசையில் வைத்து எடுக்காமல், அவர் விரித்த துணியோடும், துணியைப் பிடித்திருந்த அவருடைய விரல்களோடும் எடுத்தேன். அவர் முகம் வேண்டாம் என்றார், முகம் இல்லை. நேரில் பார்த்தவர்களிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்கும்போது கெமராவை மூடி வைத்துவிடுங்கள். அழும்போது எடுத்த படம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் நான் வைத்துக்கொள்வதில்லை.

ஏழாம் படி: திருத்தம், விளக்கவரி, வெளியீடு

வண்ணத்தைக் கூட்டாதீர்கள், பனியை இருட்டாக்கி மர்மம் சேர்க்காதீர்கள். சிதைவுத் துண்டுகள் கிடக்கும் இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு வெளியிடுங்கள். அது இருந்தால், நினைவுப்பொருள் பொறுக்க வருபவர்களுக்கு நாமே வழிகாட்டியவர்களாவோம்.

விளக்கவரியில் நாள், புறப்பட்ட ஊர், போகவிருந்த ஊர், மாண்டவர் தொகை, நீங்கள் படமெடுத்த திகதி ஆகியவை இருக்க வேண்டும். மலையின் சாபம், பேய் நடமாட்டம் என்று எழுதுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். விமானிகள் தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கியதால் மலையில் மோதியது என்பதே விசாரணையின் முடிவு. காரணம் தெரிந்த ஒரு மரணத்தைப் பேய்க்கதையாக்கினால், அதை வாசிக்கும் மகனுக்கோ பேத்திக்கோ நாம் என்ன பதில் சொல்வது?

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தொழிலாளர்களை ஏற்றிவந்த ஆதிலட்சுமி என்ற கப்பல் 1864 இல் மூழ்கி, 120 பேர் மாண்டதாக மலையக வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய முகமும் நம்மிடம் இல்லை, ஒரு கல்லும் இல்லை. மன்னாரிலிருந்து மலைநாட்டுக்கு நடந்துவந்த வழியில் விழுந்து மாண்ட தொழிலாளர்களுக்கும் அப்படியே. கடல் கடந்து வந்து பிறர் மண்ணில் மாண்டவர்களை யாரும் குறித்து வைக்காமற் போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். சுரபாயாவில் உள்ள ஒரு குடும்பம் இந்தப் படத்தைப் பார்க்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டே ஷட்டரை அழுத்துங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கைப்பேசி போதுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். போதும். பிரதான லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். திரையில் சக்கரத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டி, விரலால் சற்றுக் கீழே இழுங்கள். நான்காம் படியில் சொன்ன நிற்கும் இடம் கைப்பேசிக்கும் அதுவேதான்.

லயத்து வீட்டுக்குள் போனவுடன் லென்ஸ் முழுவதும் ஆவி படிந்து, படங்கள் எல்லாம் மங்கலாக வந்ததாக ஒரு சகோதரி எழுதியிருந்தார். குளிரில் இருந்த கண்ணாடி, அடுப்பெரியும் அறையின் ஈரக்காற்றைச் சந்திப்பதால் அப்படி ஆகிறது. வெளியிலேயே கெமராவைப் பொலித்தீன் பைக்குள் இட்டு, வாயை இறுகக் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் ஆவி பையின் வெளிப்புறத்தில்தான் இருக்கும். இரண்டு பொலித்தீன் பைகள் என்று எழுதிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விட்டது என் தவறு. அந்த அரை மணி நேரம் வீட்டுக்காரர் தரும் தேநீருக்குச் சரியாக இருக்கும்.

ட்ரோன் பறக்கவிடலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பாருங்கள். அனுமதி கிடைத்தாலும், வானத்திலிருந்து விழுந்தவர்களின் மேல் இன்னோர் இயந்திரத்தின் இரைச்சலை நான் பறக்கவிடமாட்டேன். எதிர்ப்பக்கச் சரிவில் ஏறி, 200 மில்லிமீற்றர் லென்ஸில் எடுத்தால் சிகரம் முழுமையாகக் கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று. படத்தை அச்சிட்டு லயத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். பெரியம்மாவுக்கு முதலில் கொடுத்த பளபளப்பான பிரதி, மழைக்காலம் முடிவதற்குள் அதை மூடியிருந்த கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதை மங்கல் தாளில் அச்சிட்டு, கண்ணாடிக்கும் படத்திற்கும் இடையே சுற்றிவர மெல்லிய அட்டை வைத்துச் சட்டமிட்டுக் கொடுத்தேன்.